அக்கா கேட்ட முப்பது கிலோ விதை

ரெண்டு மாசமாக எதுவும் எழுதவில்லை. சொர்ணவாரி அறுப்பு, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு மழைக்குத் தார்ப்பாய் போட்டுக் காவல் கிடந்தது, மாடு கன்று போட்டது என்று நாள் ஓடிவிட்டது. "என்னாச்சு, நெல்லு வித்துட்டீங்களா, இல்ல கழனியவே வித்துட்டீங்களா?" என்று சென்னையிலிருந்து ஒருத்தர் கேட்டிருந்தார். கேலிதான். ஆனால் கேட்ட நேரம் அப்படி. அந்த வாரம்தான் ஒரு கழனியை விற்கச் சொல்லிப் பேசுவதற்காக அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தேன்.

அக்கா வாழ்க்கைப்பட்டது பரந்தூர் பக்கத்து ஊர் ஒன்றில். ஊர் பேரை எழுதாதே என்று சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. 1988இல் அவளைக் கட்டிக்கொடுத்தபோது எந்த ஊரில் கொடுத்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் காஞ்சிபுரம் என்றுதான் சொல்வோம். பரந்தூர் என்றால் ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது தெரியாதவர் இல்லை. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கேதான் என்று 2022 ஆகஸ்டில் சொன்னார்கள். முதலில் 13 கிராமம், 4,500 ஏக்கர் சொச்சம் என்றார்கள். 2023 கடைசியில் வந்த அரசாணையில் அது 5,746 ஏக்கர் ஆகிவிட்டது. அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம். மிச்சமெல்லாம் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று அரசுக் கணக்கில் இருப்பது.

அக்கா நிலம் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட். கிணறு உண்டு, ஏரிப் பாசனமும் உண்டு. மாமா கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். அதற்கப்புறம் பட்டா அக்கா, அவள் பையன், ஆவடியில் கட்டிக்கொடுத்த பெண் மூணு பேர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக மாறியது. 2025 ஜூலையில் நிலத்துக்கு விலை பேசிப் பத்திரம் முடிக்க ஆரம்பித்தார்கள். ஏக்கருக்கு 35 லட்சத்திலிருந்து 2.57 கோடி வரை, இடத்தைப் பொறுத்து. பையன் எனக்குப் போன் போட்டான்.

"மாமா, தங்கச்சி சரின்னுட்டா. நானும் ரெடி. அம்மா ஒரு கையெழுத்துதான். நீங்க சொன்னா கேப்பாங்க. பேசி முடிக்கறவங்களுக்கு ஒரு வெல. கடேசி வரைக்கும் நின்னா பணத்தக் கொண்டு போய் கோர்ட்டுல கட்டிட்டு எடுத்துப்பாங்க. அப்ப என்ன பண்றது?"

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். இரண்டு பிள்ளைகள், காஞ்சிபுரத்தில் இங்கிலீஷ் மீடியம். கழனியில் போட்ட பணம் திரும்பாத வருஷத்திலெல்லாம் அவன் சம்பளத்தில்தான் உரக்கடை பாக்கி அடைந்திருக்கிறது. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. தாய்மாமன் என்ற மரியாதைக்கும் ஒரு வேலை வந்ததே என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை எடுத்தேன். எங்கள் ஊர் உத்திரமேரூர் பக்கம். அக்கா வீட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் வரும்.

ஊருக்குத் திரும்பும் இடத்தில் போலீஸ் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்றார்கள். "எங்க அக்கா வீட்டுக்கு" என்றேன். வீட்டுக்காரர் பேர் என்ன என்றார் ஒருத்தர். செத்துப்போன மாமா பேரைச் சொன்னேன். அக்கா வீட்டுக்குப் போவதற்கு முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனேன்.

அக்கா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்து போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பையன் அனுப்பனானா?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "சாப்புடு மொதல்ல" என்று களியும் கீரைக் குழம்பும் எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை மாடு, மழை, என் பொண்டாட்டியின் முட்டிவலி என்று பேசினாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

உள்ளே காகிதங்கள். அவர்கள் கழனி இருக்கிற சர்வே எண் போட்டுச் செய்தித்தாளில் வந்த அறிவிப்பு, அதற்கு முப்பது நாளுக்குள் கொடுத்த ஆட்சேபனை மனுவின் நகல், அதில் வாங்கின முத்திரை, கிராம சபைத் தீர்மானத்தின் ஜெராக்ஸ். அக்கா அஞ்சாவது வரைக்கும்தான் படித்தாள். ஆனால் அவள் கழனியின் சர்வே எண், உட்பிரிவு, நாலு பக்கத்து எல்லைக்காரர்களின் எண் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னாள். எனக்கு என் நிலத்தின் உட்பிரிவு எண் இப்போதும் பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

"மனுவ யாரு எழுதனது?" என்றேன். பதினொன்றாவது படிக்கிற ஒரு பொண்ணு எழுதினதாம். முதல் மனுவை யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, அந்த அமைப்பை அப்படியே பிடித்துக்கொண்டு, தெருவில் இருக்கிற எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொருத்தர் கழனியிலும் என்ன இருக்கிறது, கிணறு எத்தனை, மாமரம் எத்தனை, எத்தனை மாடு என்று கேட்டு அதை மட்டும் மாற்றி எழுதுவாளாம். "நம்ம புளியமரத்தக் கூட வுடல" என்றாள் அக்கா.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டணத்தில் நிறையப் பேர், சம்மதம் இல்லாமல் நிலத்தை எடுக்க முடியாது, அதற்குத்தான் புதுச் சட்டம் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2013இல் வந்த மத்தியச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நிலத்தை எடுத்தால் யார் வாழ்க்கை என்ன ஆகும் என்று முன்னாலேயே ஆய்வு செய்ய வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாகச் செய்கிற திட்டம் என்றால் 70 சதவீதக் குடும்பங்கள் சம்மதிக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1997ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. அதன்படி எடுத்தால் இழப்பீட்டுக் கணக்கு மட்டும் மத்தியச் சட்டத்தின்படி. அந்த ஆய்வும் சம்மதமும் கிடையாது. பரந்தூரில் எடுப்பது இந்தச் சட்டத்தில். ஏரி, வாய்க்கால் நடுவில் வந்தால் அதையும் திட்டத்தோடு சேர்த்துக்கொள்ள 2023 ஏப்ரலில் சட்டசபையில் இன்னொன்று நிறைவேறியது. ஆக, ஆட்சேபனை மனு என்பது கொடுக்கலாம், முத்திரை வாங்கலாம். அதற்கு மேல் அதில் என்ன பலம் என்று அக்காவுக்கும் தெரியும். "குடுக்கலன்னா ஊரே சம்மதிச்சிடுச்சுன்னு எழுதிக்குவாங்க இல்ல?" என்றாள்.

நான் வந்த விஷயத்தை ஆரம்பித்தேன். பையன் சொன்னதையே என் வாயால் சொன்னேன். எல்லாரும் கொடுத்த பிறகு நடுவில் ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவாய், வேலி போட்டால் வழி ஏது, தண்ணீர் ஏது. வருகிற பணத்தில் வந்தவாசிப் பக்கம் நாலு ஏக்கர் வாங்கலாம். பேசப் பேச எனக்கே நன்றாகப் பேசுகிறேன் என்று தோன்றியது.

அக்கா முழுதாகக் கேட்டாள். பிறகு, "நீ வித்தியே, ரோட்டோரக் கழனி. அதுல இப்ப என்னா இருக்குது?" என்றாள்.

இதை இதுவரை இங்கே எழுதியதில்லை. 2007இல், ரியல் எஸ்டேட் எங்கள் பக்கம் ஏறின சமயம், ரோட்டோரமாக இருந்த ஒன்றரை ஏக்கரை விற்றேன். கடன் இருந்தது, பொய்யில்லை. ஆனால் கடனுக்கு அவ்வளவு விற்க வேண்டியதில்லை. விலையைக் கேட்டு மனசு போய்விட்டது. அப்பா சொத்து அது. 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தபோது அதற்கு முன்னாலேயே கல்யாணம் ஆன பெண்களுக்கு இல்லை என்று இருந்தது. அக்காவுக்கு ஒரு வருஷத்தில் தப்பிப்போனது. 2005இல் மத்தியச் சட்டம் மாறி, கல்யாணம் எப்போது ஆனாலும் பங்கு உண்டு என்று ஆகிவிட்டதால், வாங்குகிறவரின் வக்கீல் அக்கா கையெழுத்து கட்டாயம் வேண்டும் என்றார். அக்கா பஸ் ஏறி வந்தாள். சார்பதிவாளர் ஆபீசில் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எவ்வளவு என்று கேட்கவில்லை. நான் ஒரு பட்டுப் புடவையும் பத்தாயிரம் ரூபாயும் கொடுத்தேன். அதைப் பெரிய தாராளமாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது? கல். மனை பிரித்து நட்ட கல்லும், பேர் எழுதின ஒரு வளைவும், சீமைக்கருவேலமும். பதினெட்டு வருஷத்தில் மூணு வீடு வந்திருக்கிறது. அதைவிட மோசம், லேஅவுட் போட்டவர்கள் ரோடு போடும்போது வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்கள். கீழே ரெண்டு பேர் கழனிக்கு அதில்தான் ஏரித் தண்ணீர் போகும். அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒருத்தர் போர் போட்டார். இன்னொருத்தர் கழனியைக் கரம்பாகப் போட்டுவிட்டு, இப்போது என் எதிரில் வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்.

"கல்லுதான் இருக்குது" என்றேன்.

"அன்னிக்கு நீ காட்டன எடத்துல போட்டேன். இன்னிக்கும் நீயே வந்து காட்டறியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணி வைக்க எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்து, "வண்டி எடு, ஏகனாபுரம் போய்ட்டு வரலாம்" என்றாள். வாரத்தில் ரெண்டு மூணு நாள் போகிறாளாம். மற்ற நாள் ஷேர் ஆட்டோவில் ஆறு பொம்பளைகள் சேர்ந்து. அன்றைக்குத் தம்பி வண்டி இருந்தது.

ஏகனாபுரம் போராட்டம் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அறிவிப்பு வருவதற்கு முன்னாலேயே, பேச்சு அடிபட்ட 2022 ஜூலை மாசமே, ராத்திரி கூட ஆரம்பித்தவர்கள். 2025 ஜனவரியில் நடிகர் விஜய் கட்சி ஆரம்பித்துவிட்டு அவர்களைப் பார்க்கப் போனபோது 900 நாளைத் தாண்டியிருந்தது. நான் போனபோது ஆயிரத்தையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது. இடையில் 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஊரில் பெரும்பாலோர் ஓட்டுப் போடப் போகவில்லை. ஆந்திராவுக்கே குடிபோகிறோம் என்றும் அறிவித்தார்கள். செய்தியில் வருவது இதெல்லாம்தான்.

நான் அங்கே உட்கார்ந்து பார்த்தபோது எனக்குப் பட்டது வேறு. இது ஏன் ராத்திரியில் நடக்கிறது? பகலில் உட்கார்ந்தால் கழனி வேலை கெடும், கூலி போகும், பால் கறவை தவறும். பத்து நாளில் வீட்டுக்கு வீடு சண்டை வந்து கூட்டம் கலைந்துவிடும். வேலையெல்லாம் முடிந்து, சோறாக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உட்காரலாம். இதை யார் யோசித்துச் சொன்னார்களோ, விவசாயி வீட்டு வேலை தெரிந்தவர்கள். பெரிய பேச்சாளர் யாரும் அன்றைக்கு இல்லை. கோஷம் போட்டார்கள், ரெண்டு பேர் பேசினார்கள், ஒரு வயசானவர் அந்த வாரத்தில் யார் யாரெல்லாம் ஆபீசுக்கு அழைக்கப்பட்டார்கள் என்று சொன்னார். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடியில் குழந்தை தூங்கிவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக் காரியம் விசாரிக்கிற மாதிரி, வராதவர்கள் ஏன் வரவில்லை என்று பேர் சொல்லி விசாரித்தார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்களைக் காட்டி, "அவங்களுக்கு எவ்ளோ நெலம்?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு சென்ட் கூட கெடயாது" என்றாள்.

நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள், ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர்கள். நிலத்துக்கு விலை என்றால் அது பட்டா இருக்கிறவருக்குத்தான். அவர்களிடம் கையெழுத்து வாங்கவும் ஒன்றுமில்லை, விலை பேசவும் ஒன்றுமில்லை. ஆனால் கழனி போனால் முதலில் வேலை போவது அவர்களுக்கு. அக்கா ஊரில் முதலில் பத்திரம் முடித்தது யார் என்று கேட்டேன். பாதிப் பேர் சென்னையில் இருப்பவர்களாம். பொங்கலுக்குக்கூட வராதவர்கள். பட்டா அவர்கள் பேரில் இருக்கிறது. அதற்காக அவர்களை நான் திட்டவில்லை, 2007இல் ஊரிலேயே இருந்துகொண்டு விற்றவன் நான். ஆனால் அந்தப் பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, பையனும் நானும் போனில் பேசின கணக்கில் இவர்கள் ஒரு ஓரத்தில்கூட இல்லை என்பது உறைத்தது.

எங்கள் உத்திரமேரூர்க் கோவில் கல்வெட்டைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ் வைத்து அழைத்து வருவார்கள். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், குடவோலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விவரம் அதில் இருக்கிறது. டெல்லியில் பேசுகிறவர்களும் அதை மறக்காமல் சொல்வார்கள். ஏகனாபுரத்துக் கிராம சபை எங்களுக்கு இந்தத் திட்டம் வேண்டாம் என்று 2022 சுதந்திர தினத்தில் தொடங்கித் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறது. கல்லில் வெட்டினால்தான் படிப்பார்களோ என்னவோ.

விமான நிலையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீனம்பாக்கம் போதவில்லை என்று சொல்கிறார்கள், இருக்கலாம். என் தம்பி பெண் துபாயிலிருந்து வரும்போது நானும் அங்கே போய் நின்றிருக்கிறேன். ஆனால் திட்ட இடத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நீர்நிலை. பல ஏரிகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிப் பக்கம் போகிற கம்பன் கால்வாய் அந்த இடத்துக்குள்தான் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது செம்பரம்பாக்கம் பக்கம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் என்ற பேரை ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டு கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? நான் ஒன்றரை ஏக்கரில் ஒரு வாய்க்காலைத் தூர்க்கவிட்டதற்கே கீழே ரெண்டு குடும்பம் கஷ்டப்பட்டது. இது ஐயாயிரத்து எழுநூறு ஏக்கர்.

ஒன்பது மணி வாக்கில் கூட்டம் முடிகிற சமயம். ரோட்டில் ஒரு பைக் நின்றது. அக்கா பையன். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தான். அம்மா போகிற நாளெல்லாம், ஷிப்ட் ஒத்துவந்தால், அவன்தான் வந்து கூட்டிப்போவானாம். உள்ளே வரமாட்டான். ரோட்டிலேயே வண்டியை நிறுத்திப் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அக்கா எழுந்து வரும்போது அவனுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், "ஏம்ப்பா அங்கியே நிக்கற, வா" என்று கூப்பிட்டார். அவன் சிரித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். என்னைப் பார்த்து, "பேசிட்டீங்களா மாமா?" என்றான்.

"பேசனேன்" என்றேன். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டேன். காலையில் கிளம்பும்போது அக்கா, "கிச்சிலி சம்பா வெத வெச்சிருக்கியா?" என்றாள்.

"எதுக்கு?"

"நாத்து வுடறதுக்கு. வேற எதுக்கு? முப்பது கிலோ வேணும்."

கிச்சிலி சம்பா ஆகஸ்டில் விதைத்தால் அறுப்புக்குத் தை வரும். அதற்குள் அந்தப் பக்கம் என்ன என்ன நடக்குமோ யாருக்கும் தெரியாது. குறுகிய காலப் பயிர் போடலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நான் சொன்ன யோசனை முந்தின நாளுக்கே போதும்.

வீட்டுக்கு வந்து நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்று ரெண்டு முளைத்தது. அடுத்த வாரம் மூட்டையைக் கொண்டுபோய் இறக்கினேன். அக்கா ஒரு கை நெல்லை எடுத்து ரெண்டைக் கடித்துப் பார்த்தாள். காசு எவ்வளவு என்றாள். வேண்டாம் என்றேன். "வெத நெல்லு சும்மா வாங்கக்கூடாது" என்று நூறு ரூபாயை என் சட்டைப் பையில் திணித்தாள். அதை வாங்கிக்கொண்டேன்.

கையெழுத்து விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவன் கேட்கிறான், அவள் போடவில்லை. ஒரே வீட்டில் ஒரே சோறுதான். தங்கச்சி ஆவடியிலிருந்து போன் போட்டு ரெண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசுகிறாளாம். ஆனால் நாத்தங்காலுக்குச் சேடை ஓட்ட டிராக்டருக்கு வாடகையை அவன்தான் கொடுத்தான், அன்றைக்கு லீவு போட்டு வரப்பு வெட்டினதும் அவன்தான் என்று அக்கா போனில் சொன்னாள். மணிக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்டேன். எங்கள் ஊரைவிட நூறு ரூபாய் அதிகம்.